வசனம் காதில் விழும்வரை: ஒரு பழைய 5.1 செட்டைப் பிரித்துக் கட்டிய பதிவு

"ஆளுங்க பேசுறது ஒண்ணுமே புரியலடா. சண்டை வந்தா மட்டும் வீடே அதிருது."

அம்மா இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு படம் பார்க்கப் பழகிவிட்டார். ஆட்கள் பேசும்போது ஒலியைக் கூட்டுவார். இசை எழும்பினால் அவசர அவசரமாகக் குறைப்பார். ஒரு படத்துக்குள் நாற்பது ஐம்பது தடவை இது நடக்கும். பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டே மாதக்கணக்கில் தள்ளிப்போட்டதற்கு எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

செட் பன்னிரண்டு வருடம் பழையது. ஒரு 5.1 ரிசீவர் (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் தனித்தனிச் சேனலாக ஒலியைப் பிரித்து அனுப்பும் பெட்டி), தரையில் நிற்கும் இரண்டு ஃபிரண்ட் ஸ்பீக்கர், டிவிக்குக் கீழே அலமாரித் தட்டில் ஒரு சென்டர், பின்னால் இரண்டு சிறிய சரவுண்ட், தாழ்ந்த ஒலிக்கென்றே 10 அங்குல சப்வூஃபர் ஒன்று. அறை 4.8 மீட்டர் நீளம், 3.6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். சோஃபா அறையின் நட்டநடுவில் இருந்தது. இந்த அளவுகளையெல்லாம் இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் ஒவ்வொன்றும் தேவைப்படும்.

முதலில் நான் செய்தது ஆம்ப் வாங்கியது

ரிசீவர் பழசு, சக்தி போதவில்லை, அதனால்தான் வசனம் அமுங்குகிறது என்று முடிவு கட்டினேன். ரிசீவர் சேனலுக்கு 80 வாட் என்று சொல்லிக்கொள்வது. அதிலும் அந்த 80 வாட், இரண்டு சேனலை மட்டும் ஓட்டி அளந்தது. ஐந்தையும் சேர்த்து ஓட்டினால் அவ்வளவு வராது. எனவே 160 வாட் தரும் தனி ஸ்டீரியோ பவர் ஆம்ப் (ஒலியின் சக்தியைப் பெருக்கும் பெட்டி) ஒன்றை வாங்கி, ரிசீவரின் ப்ரீ அவுட்டிலிருந்து, அதாவது பெருக்குவதற்கு முந்தைய ஒலி வெளிவரும் முனையிலிருந்து, சிக்னல் எடுத்து, ஃபிரண்ட் இரண்டையும் அதில் மாட்டினேன்.

வசனம் முன்பைவிட மோசமானது.

அன்றிரவுதான் கணக்கு போட்டுப் பார்த்தேன். ஆம்ப் வாங்குவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கு இது. என் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி 88 டெசிபல், அதாவது 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 88 டெசிபல். தூரம் இரட்டிக்கும்போது வெட்டவெளியில் 6 டெசிபல் குறையும். 3 மீட்டருக்கு ஏறக்குறைய 9.5 குறையும் என்று வைத்தால் 78.5 டெசிபல் மிஞ்சுகிறது. வீட்டில் கொஞ்சம் சத்தமாகவே படம் பார்த்தால் சராசரி 75 டெசிபல் இருக்கும். அதற்கு அரை வாட்கூட வேண்டாம். திடீரென்று வெடிக்கும் சத்தத்துக்கு மேலே 20 டெசிபல் இடம் விட வேண்டுமென்றால் நூறு மடங்கு, அதாவது 45 வாட். நான்கு சுவருக்குள் எதிரொலியும் கூடச் சேர்வதால் உண்மையில் அதைவிடக் குறைவாகவே போதும். பழைய ரிசீவர் இதைத் திணறாமல் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. 80 வாட்டை 160 ஆக்கியதில் கிடைப்பது வெறும் 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதற்கு 800 வாட் ஆகும்.

மோசமானதற்குக் காரணமும் கிடைத்தது. புது ஆம்பின் கெய்ன், அதாவது சிக்னலைப் பெருக்கும் மடங்கு, ரிசீவருக்குள் இருக்கும் ஆம்பைவிட அதிகம். ரிசீவரின் டெஸ்ட் டோனை ஒவ்வொரு சேனலாக ஓடவிட்டு, சோஃபாவில் ஃபோனை வைத்து அளந்தால் ஃபிரண்ட் இரண்டும் சென்டரைவிட 4 டெசிபல் தூக்கலாக இருந்தன. ஃபோன் காட்டும் எண் அப்படியே சரியாக இருக்காது. ஆனால் ஒரே இடத்தில் வைத்து ஒன்றுக்கொன்று ஒப்பிட அது தாராளமாகப் போதும். இசையும் பின்னணி ஓசையும் பெரும்பாலும் ஃபிரண்டில் வரும், வசனம் சென்டரில் வரும். நான் காசு கொடுத்து இசையை உயர்த்தி வசனத்தைப் புதைத்திருக்கிறேன்.

ஆம்பைக் கழற்றினேன். இனி எதையும் வாங்குவதில்லை, இருப்பதை ஒவ்வொன்றாகச் சோதித்து முடிக்கும்வரை.

டிவி அனுப்பியது என்ன?

படம் 5.1 என்று போட்டிருக்கும். டிவியிலிருந்து ரிசீவருக்கு வருவதும் 5.1 தானா என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ரிசீவரின் முகப்பில் எந்தெந்த சேனல் உள்ளே வருகிறது என்று சிறிய எழுத்துகள் எரியும். அதில் இடது, வலது இரண்டு மட்டும் எரிந்துகொண்டிருந்தன. டிவியின் ஆடியோ அவுட்புட் பிசிஎம் (டிவியே பிரித்துவிட்ட ஒலி) என்று இருந்தது. சாதாரண ஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ வயரிலேயே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் இணைப்பு) வழியாக பிசிஎம் அனுப்பினால் இரண்டு சேனல்தான் போகும். டிவி ஐந்து சேனலையும் இரண்டாகக் கலந்து அனுப்ப, ரிசீவர் அதிலிருந்து வசனத்தைப் பிரித்தெடுக்க முயன்று, இசையையும் சேர்த்து சென்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பிட்ஸ்ட்ரீம் (படத்தின் ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்புவது) என்று மாற்றியதும் ஐந்து எழுத்தும் எரிந்தன. ஒரு நிமிட வேலை. ஸ்பீக்கரைத் தொடுவதற்கு முன் எல்லோரும் இந்த எழுத்துகளைப் பார்த்துவிட வேண்டும் என்று சொல்வேன்.

இப்போது வசனம் முழுக்க சென்டருக்கே வந்தது. சென்டர் எவ்வளவு நோயாளி என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஆனால் அதற்கு முன் இன்னொன்றைச் சொல்ல வேண்டும்.

பேட்டரி சோதனை

1.5 வோல்ட் பேட்டரி ஒன்று, ஒரு உதவியாள், இவ்வளவு போதும். ரிசீவரிலிருந்து ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, பிளஸ் வயரை பேட்டரியின் பிளஸ்ஸிலும் மைனஸ் வயரை மைனஸிலும் ஒரு கணம் மட்டும் தொட்டு எடுக்க வேண்டும். வூஃபரின் (தாழ்ந்த, நடு ஒலி தரும் பெரிய வட்டம்) கோன், அதாவது அதிரும் கூம்பு, வெளியே வந்தால் சரி. உள்ளே போனால் எங்கேயோ வயர் மாறியிருக்கிறது. உச்ச ஒலி தரும் சிறிய ட்வீட்டரைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அதன் அசைவு கண்ணுக்குத் தெரியாது, சில வடிவமைப்பில் அதை வேண்டுமென்றே தலைகீழாகவும் இணைத்திருப்பார்கள்.

அம்மாதான் உதவியாள். நான் ரிசீவருக்குப் பின்னால் குனிந்திருக்க, அவர் ஸ்பீக்கருக்கு முன்னால் உட்கார்ந்து கோன் மேல் விரல் நுனியை லேசாக வைத்திருந்தார்.

"வெளிய தள்ளுதா, உள்ள போகுதாம்மா?"

"வெளிய வருது."

அடுத்தது இடது ஃபிரண்ட். "இது உள்ள போகுதுடா. திரும்பச் செய்." மறுபடி தொட்டேன். மறுபடியும் உள்ளேதான்.

சுவரில் இருக்கும் வயர் பிளேட்டின் பின்பக்கம் இரண்டு முனையும் இடம் மாறியிருந்தன. எத்தனை வருடமாகவோ! இரண்டு ஃபிரண்டில் ஒன்று தலைகீழாக இருந்தால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். தாழ்ந்த சுரங்களில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், பாஸ் மெலிந்துபோகும், நடுவிலிருந்து வரவேண்டிய பாடகர் குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் பரவிக் கிடக்கும். பாஸ் போதவில்லையே என்று சப்வூஃபரின் குமிழை ஏற்றிவைத்தது நான். அந்த உறுமல்தான் வசனத்தின் அடிக்குரலை மூடியது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது போல, ஒரு வயர் மாறியதற்கு சப் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தது.

சென்டரின் ஃபோம்

இனி இந்த வேலையிலேயே நான் அதிக நேரம் செலவிட்ட இடம்.

சென்டரின் முன்பக்கத் துணியைக் கழற்றினேன். நடுவில் ட்வீட்டர், இருபுறமும் 13 செ.மீ. வூஃபர் ஒவ்வொன்று. கோனையும் இரும்புச் சட்டத்தையும் இணைக்கும் வளையம், பாலியூரிதேன் ஃபோமால் ஆனது, ஒரு வூஃபரில் பாதிச் சுற்றுக்குக் கிழிந்து தொங்கியது. விரல் பட்டதும் நொறுங்கிக் கருப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. மற்றது முழுசாகத் தெரிந்தாலும் லேசாக அழுத்தியதும் பிளந்தது. இந்த ஃபோம் காற்றின் ஈரத்தாலும் வெப்பத்தாலும் தானாகவே மக்கிப்போகும். ஸ்பீக்கரை ஓட்டாமல் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாலும் மக்கும். வளையம் கிழிந்த கோன், பிடிமானமில்லாத கதவு மாதிரி. பேச்சின் அழுத்தமான எழுத்துகள் எல்லாம் படபடவென்று கரகரக்கும்.

புது வளையம் வாங்க மூன்று அளவு வேண்டும்: கோனின் வெளி விட்டம், சட்டத்தில் ஒட்டும் இடத்தின் விட்டம், வளைவின் அகலம். ஸ்பீக்கரின் அங்குல அளவைச் சொல்லி வாங்கினால் பொருந்தாது. ஃபோம் இருந்த இடத்தில் ரப்பர் போட்டால் நீடிக்குமே என்று தோன்றும். ஆனால் ரப்பர் கனம், அசைவும் மாறும், கோனின் ஒத்ததிர்வே நகர்ந்துவிடும். ஃபோமுக்கு ஃபோமே போட்டேன்.

பழைய ஃபோமையும் பசையையும் கோனின் விளிம்பிலிருந்து எடுப்பதற்கு ஒரு மாலைப்பொழுது முழுக்கப் பிடித்தது. பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு, விளிம்பைக் கீழிருந்து இடது கைவிரலால் தாங்கிக்கொண்டு, ஒரு விரல்கடை தூரமாகத் தேய்க்க வேண்டும். காகிதக் கோன், அவசரப்பட்டால் விளிம்பு நார் நாராகப் பிரியும். சட்டத்தில் இருந்ததை மழுங்கலான கத்தியால் சுரண்டினேன். தூள் காந்தத்தின் இடைவெளிக்குள் விழாமலிருக்க ஸ்பீக்கரைக் கவிழ்த்துப் பிடித்தே செய்தேன்.

ஒட்டும் பசை, காய்ந்தபின் வளைந்துகொடுக்கும் வெள்ளைப் பசை. நொடியில் ஒட்டும் பசை இதற்கு ஆகவே ஆகாது. காய்ந்தால் விறைத்துப்போகும், சரிசெய்ய ஒரு விநாடிகூடத் தராது. முதலில் வளையத்தின் உள்விளிம்பைக் கோனில் ஒட்டி ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். மறுநாள் வெளிவிளிம்பு. இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வாய்ஸ் காயில், அதாவது கோனின் அடியில் ஒட்டிய கம்பிச்சுருள், ஒரு மிகக் குறுகிய காந்த இடைவெளிக்குள் மேலும் கீழும் போய்வருகிறது. கோன் ஒரு நூலளவு சாய்ந்து ஒட்டிவிட்டால் அந்தச் சுருள் பக்கச் சுவரில் உரசும்.

முதல் வூஃபரைக் கண்ணளவில் நடுவாக வைத்து ஒட்டிவிட்டேன். காய்ந்தபின் கோனை இரண்டு கட்டைவிரலாலும் சமமாக அழுத்தினால், காதருகே மெல்லிய "சர்ர்" சத்தம். காகிதத்தை நகத்தால் கீறுவது மாதிரி. அப்படியே பெட்டியில் மாட்டியிருந்தால் ஒவ்வொரு வசனத்துக்கும் பின்னால் அந்தச் சத்தம் வந்திருக்கும். வெளிவிளிம்பை ஈரத்துணியால் ஊறவைத்து, பிய்க்காமல் மெதுவாகத் தூக்கி எடுத்தேன்.

இரண்டாம் முறை ஒலியை வைத்தே நடுவைக் கண்டுபிடித்தேன். வெளிவிளிம்பில் பசை தடவி வளையத்தைச் சட்டத்தில் உட்காரவைத்து, ஸ்பீக்கரை ஆம்பில் இணைத்து 30 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை மிகக் குறைந்த அளவில் கொடுத்தேன். கோன் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு மேலும் கீழும் ஆடியது. நடு தப்பியிருக்கும்போது ஆட்டத்தோடு ஒரு கரகரப்பு கேட்கும். வளையத்தைச் சுற்றிலும் விரல் நுனியால் மயிரிழை மயிரிழையாக நகர்த்த நகர்த்த, ஒரு இடத்தில் அந்தக் கரகரப்பு சட்டென்று அடங்கி, வெறும் அசைவு மட்டும் மிஞ்சியது. அந்த அமைதியைக் கேட்டதும் கையை எடுத்தேன். பசை பிடிக்கும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் டோனை ஓடவிட்டு, பிறகு துணி கிளிப்புகளைச் சுற்றிலும் மாட்டி ஒரு நாள் விட்டுவிட்டேன். இரண்டாவது வூஃபர் முதல் முயற்சியிலேயே அமைந்தது.

பெட்டி திறந்திருக்கும்போதே, தாழ்ந்த ஒலியை வூஃபருக்கும் உயர்ந்ததை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரையும் பார்த்தேன். ட்வீட்டருக்குப் போகும் பாதையில் துருவமில்லாத எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் ஒன்று. ஒரு காலை சால்டரிலிருந்து எடுத்து அளந்தால் மதிப்பு விலகியிருந்தது. அதே மதிப்பில் பாலிபுரொபிலீன் கெபாசிட்டர் போட்டேன். உருவத்தில் மூன்று மடங்கு பெரியது, பலகையில் சூடான பசை வைத்துக் கட்டிவிட்டேன், இல்லாவிட்டால் அதிரும்.

சென்டர் இருந்த இடம்

ஸ்பீக்கர் குணமானது. ஆனால் அம்மா உட்காரும் ஓரத்தில் வசனம் இன்னும் கொஞ்சம் மங்கலாகவே இருந்தது, நடுவில் உட்கார்ந்தால் தெளிவாக இருந்தது. இது ஏன் என்று யோசித்ததில்தான் இந்த முழு வேலையிலும் எனக்கு அதிக மகிழ்ச்சி கிடைத்தது.

சென்டரின் இரண்டு வூஃபருக்கும் இடையே, மையத்துக்கு மையம், 30 செ.மீ. அம்மாவின் இருக்கை சென்டருக்கு நேர்க்கோட்டிலிருந்து 30 டிகிரி விலகி இருந்தது. அங்கிருந்து பார்த்தால் ஒரு வூஃபர் மற்றதைவிட 15 செ.மீ. தூரம் அதிகம். 1140 ஹெர்ட்ஸ் அருகே அலையின் நீளம் 30 செ.மீ., அதில் பாதி 15. ஆக, அந்தச் சுரத்தில் ஒரு வூஃபரின் மேடும் மற்றதன் பள்ளமும் ஒரே நேரத்தில் அவர் காதுக்கு வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மனிதக் குரலின் தெளிவு இருக்கும் பகுதிக்குள்ளேயே ஒரு குழி. இப்படிப் படுக்கைவாட்டில் ட்வீட்டரின் இருபுறமும் வூஃபர் வைத்த பெரும்பாலான சென்டர்களுக்கு இந்தக் குணம் உண்டு. நேராக உட்கார்ந்திருந்த எனக்கு அது கேட்கவே இல்லை. அதனால்தான் "நல்லாத்தானே கேக்குது" என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சோஃபாவைப் பின்னுக்குத் தள்ளி, அம்மாவின் இடத்தை நடுவை நோக்கிக் கொஞ்சம் நகர்த்தியதில் கோணம் 15 டிகிரிக்கு வந்தது. குழி 2200 ஹெர்ட்ஸுக்கு ஏறியது. அந்த உயரத்தில் வூஃபர்கள் ஒதுங்க ஆரம்பித்து ட்வீட்டர் பொறுப்பேற்றுக்கொள்கிறது.

இன்னொன்று, சென்டர் அலமாரித் தட்டில் ஒரு சாண் உள்ளே தள்ளி இருந்தது. சுற்றியுள்ள பலகைகள் பெட்டி மாதிரி முழங்கின. விளிம்போடு முகம் சமமாக வரும்படி முன்னால் இழுத்து, முன்பக்க அடியில் ரப்பர் ஆப்பு வைத்து, ட்வீட்டர் உட்கார்ந்தவர் காதைப் பார்க்கும்படி மேலே சாய்த்தேன். கைக்கு ஒரு லேசர் பாயிண்டர் இருந்தால் அதை ஸ்பீக்கரின் மேல் வைத்து, சோஃபாவில் புள்ளி எங்கே விழுகிறது என்று பார்த்துவிடலாம். பழுது பார்த்ததற்கு அடுத்தபடியாக வசனத்தைத் தூக்கிவிட்டது இந்த ஆப்புதான்.

ரிசீவர்

வலது சரவுண்ட் அவ்வப்போது அறுந்துபோகும், ஒலியைச் சட்டென்று ஏற்றினால் உயிர் வரும். இந்த அறிகுறி இருந்தால் ஸ்பீக்கர் ரிலேயின் (ஸ்பீக்கரை ஆம்போடு இணைத்துத் துண்டிக்கும் தானியங்கி சுவிட்ச்) முனைகள் கருத்திருக்க வாய்ப்பு அதிகம். பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, மூடியைத் திறந்ததும் முதலில் பெரிய கெபாசிட்டர்களின் வோல்டேஜை அளந்தேன். மணிக்கணக்கில் ஆகியும் மிச்சம் இருந்தது. 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த இடுக்கியில் பிடித்து அதன் வழியே இறக்கினேன். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்வதைப் பலர் வழக்கமாக வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், கெபாசிட்டரும் கெடும், கையும் கெடும். கம்பிச்சுருளுக்கு அதே வோல்டேஜ், அதே கால் அமைப்பு உள்ள ரிலேயை மாற்றினேன். ஓடவிட்டு, ஸ்பீக்கர் இல்லாமல் ஒவ்வொரு சேனல் முனையிலும் டிசி வோல்டேஜ் கசிகிறதா என்று அளந்ததில் அதிகபட்சம் 11 மில்லிவோல்ட். 50க்குக் கீழே இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். ஹீட்சிங்க்கின் தூசியை எடுத்துவிட்டு, தலைக்கு மேல் ஒரு சாண் இடம் விட்டு வைத்தேன்.

வயர்

சரவுண்டுக்குப் போன வயர் 0.75 சதுர மில்லிமீட்டர், 12 மீட்டர் நீளம். போய்வர 24 மீட்டர். செம்புக்கு மீட்டருக்கு ஒரு சதுர மி.மீ.க்கு 0.0175 ஓம் என்று எடுத்தால் 0.56 ஓம் வருகிறது. வயரின் தடை ஸ்பீக்கரின் தடையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகப் பின்பற்றும் வழக்கம். 6 ஓம் சரவுண்டுக்கு அது 0.3. அதற்கு 1.5 சதுர மி.மீ. போட்டால் 0.28, போதும். தங்கமுலாம், வெள்ளி இழை என்று விற்கப்படும் வயர்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. கனமும் சுத்தச் செம்பும் இருந்தால் முடிந்தது. ஆனால் செம்புதானா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். முதலில் வாங்கிய சுருளில் அப்படித்தான் வெள்ளை தெரிந்தது, திருப்பிக் கொடுத்தேன்.

சுவருக்குள் இருக்கும் பைப்பில் பழைய வயரின் முனையில் புதியதைக் கட்டி, வழுக்க சோப்புத் தண்ணீர் தடவி இழுத்தோம். கரண்ட் வயர் போகும் பைப் இதுவல்ல என்பதை முதலில் உறுதி செய்துகொண்டேன். இரண்டையும் ஒரே பைப்பில் விடக் கூடாது. ஒவ்வொரு வயரிலும் பிளஸ் முனைக்குச் சிவப்பு ஸ்லீவ் ஏற்றி, இரண்டு பக்கமும் பேட்டரி வைத்துச் சரிபார்த்தேன். ஒருமுறை பட்டது போதும். முனை இழைகளை சால்டரில் தோய்த்து ஸ்க்ரூவின் அடியில் கடிக்கவைப்பதும் தவறு, நாளடைவில் சால்டர் நசுங்கி பிடி தளரும். வெறும் செம்பை முறுக்கி பனானா பிளக்கில் இறுக்கினேன்.

சப்வூஃபரும் அந்த ஹம்மும்

சோஃபா நட்டநடுவில் இருந்தது என்றேன் அல்லவா? 4.8 மீட்டர் நீள அறையின் முதல் ஒத்ததிர்வு, ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர் என்பதை இரண்டு நீளத்தால் வகுத்தால், 36 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். அந்தச் சுரத்துக்கு அறையின் சரிபாதி ஒரு பாழ்நிலம், அழுத்தமே இருக்காது. அங்கே உட்கார்ந்து எவ்வளவு பெரிய சப் வைத்தாலும் ஆழம் வராது, மற்ற சுரங்கள்தான் உறுமும். பின்சுவரிலிருந்து 1.8 மீட்டருக்கு சோஃபாவைத் தள்ளியதும் அடிவயிற்றில் இறங்கும் ஆழம் கிடைத்தது.

சப்பை எங்கே வைப்பது? அதைத் தூக்கி சோஃபாவில் நாம் உட்காரும் இடத்திலேயே வைத்து, பாஸ் உள்ள ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்துகொண்டே கேட்டேன். மூலையில் ஒரே முழக்கம். முன்சுவரின் நடுவில் மெலிவு. இடது ஸ்பீக்கருக்கும் மூலைக்கும் இடையே ஓரிடத்தில் ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் கேட்டது. அங்கே ஒரு டேப் ஒட்டி, சப்பை அங்கு இறக்கினேன்.

இறக்கிய இடத்தில் சுவிட்ச் போட்டதும் "ம்ம்ம்" என்று விடாத ஹம். எந்த வயரைப் பிடுங்கினால் நிற்கிறது என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். டிவிக்கு வரும் கேபிள் இணைப்பின் வயரைக் கழற்றியதும் நின்றது. அந்த வயரின் எர்த் ஓரிடம், சப்பின் எர்த் இன்னோரிடம், இரண்டுக்கும் நடுவே ஒரு சுற்று. கேபிள் வயரில் டிரான்ஸ்ஃபார்மர் வகை ஐசோலேட்டர் ஒன்று மாட்டியதில் தீர்ந்தது. பிளக்கின் எர்த் பின்னை உடைத்தால் ஹம் நிற்கும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது உயிரோடு விளையாடுவது.

கடைசியாக மைக்

எல்லாம் முடிந்தபின்தான், ஒவ்வொரு ஸ்பீக்கரின் ஒலியளவையும் தூரத்தையும் அளக்க ரிசீவரோடு வந்த மைக்கை எடுத்தேன். கேமரா ஸ்டாண்டில், உட்கார்ந்தவர் காது உயரத்தில், சோஃபா முதுகுக்கு மேலே எட்டி நிற்கும்படி மாட்டினேன். கையில் பிடித்துக்கொண்டோ, திண்டின் மேல் வைத்தோ அளந்தால் அளவு கெட்டுப்போகும். மின்விசிறியை நிறுத்தினோம். சப்பின் பின்னாலிருக்கும் கிராஸ்ஓவர் குமிழை அதிகபட்சத்துக்குத் திருப்பினேன், அந்த வேலையை ரிசீவர் செய்துகொள்ளும்.

அளந்து முடித்து ரிசீவர் ஃபிரண்ட் இரண்டையும் "லார்ஜ்" (கீழ்ச்சுரத்தையும் தானே தாங்கும் ஸ்பீக்கர்) என்று போட்டது. "ஸ்மால்", 80 ஹெர்ட்ஸ் என்று மாற்றினேன். கீழ்ச்சுரத்தின் பாரம் சப்புக்குப் போய்விட்டால் ஃபிரண்ட் ஸ்பீக்கரும் ஆம்பும் லேசாகும், வசனப் பகுதி சுத்தமாகும். சப்பின் தூரத்தை 4.1 மீட்டர் என்று காட்டியது. டேப்பில் அளந்தால் 2.6 தான். இதைத் திருத்த வேண்டாம். சப்புக்குள் இருக்கும் ஃபில்டர் ஒலியைச் சில மில்லிவிநாடி தாமதிக்கிறது, ஒரு மில்லிவிநாடிக்கு 34 செ.மீ., அந்தத் தாமதத்தைத்தான் ரிசீவர் தூரமாக எழுதியிருக்கிறது. சென்டரை மட்டும் நானாக 1.5 டெசிபல் ஏற்றினேன்.

அன்றிரவு ஒரு படம் போட்டோம். அம்மா வழக்கப்படி ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டார். முதல் சண்டை வந்தபோது விரல் பட்டன்மேல் போனது, அழுத்தவில்லை. இடைவேளை கட்டத்தில் பார்த்தால் ரிமோட் பக்கத்துத் திண்டில் கிடந்தது.

"இந்த ஆளு இவ்வளவு மெதுவா பேசுறான், அதுகூடக் கேக்குதுடா" என்றார். ஒலியளவு தொடங்கிய இடத்திலேயே, மைனஸ் 28இல் நின்றது.

பவர் ஆம்ப் இப்போது என் மேசையில் இரண்டு சிறிய ஸ்பீக்கரை ஓட்டுகிறது. ஹாலில் மிச்சமிருப்பது இடது சரவுண்ட். 110 டிகிரியில் வைக்க வேண்டிய இடத்தில் கதவு இருப்பதால் அது 130க்கு ஒதுங்கி நிற்கிறது. கதவுக்கு மேலே ஒரு தாங்கி அடித்து, காதை நோக்கிக் கீழே சாய்த்துப் பார்க்கப்போகிறேன். பின்சுவரில் இரண்டாவது சப் வைத்தால் பாஸ் எல்லா இருக்கைக்கும் இன்னும் சீராக வரும் என்பதால், சரவுண்ட் வயரை இழுத்த அன்றே அதற்கான சிக்னல் கேபிளையும் பைப்பில் சேர்த்து இழுத்துவிட்டேன். முனையில் நீல ஸ்லீவ் ஏற்றி, டேப் சுற்றி, பிளேட்டுக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கிறேன்.